எங்கள் பைப்படி முற்றம்

இன்று கண்டியில் ஒரு புது வீட்டுச் சுவரில் மழை ஈரம் மணத்தது. மஹய்யாவ மலைச்சரிவில் இருந்த எங்கள் கூட்டுறவுக் குடியிருப்பு ஞாபகம் வந்தது. ஒரே பைப்பில் முறை வைத்துத் தண்ணீர் பிடித்து, முற்றத்தை மாறி மாறிக் கூட்டி, எந்த வீட்டில் குழம்பு கொதித்தாலும் பிள்ளைகள் எல்லோரும் தட்டோடு போய் நின்ற இடம்.

ஒரு மழைக்காலத்தில் பின்சுவர்கள் வெடிப்பு விட்டன. மண் சரியும், எல்லோரும் வெளியேறுங்கள் என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள்.

"எங்கள ஒரே இடத்துல வைங்கய்யா," என்று பக்கத்து வீட்டு ராணி அக்கா அதிகாரியிடம் கெஞ்சினாள்.

"அப்படி இடம் இல்லம்மா."

லொறிகள் வந்தபோது அக்கா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு சடைதான் முடிந்திருந்தது. அவள் தெல்தோட்டைக்கு, நாங்கள் கம்பளைக்கு. வழியில் அம்மா மற்றச் சடையைப் பின்ன வந்தாள். நான் தலையைக் கொடுக்கவில்லை.