வான் கூரையில் தேங்காய் எண்ணெய்

சோலர் தகடு பூட்டுவது என் தொழில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலையில் பிழை கண்டால் ஆள் பார்க்காமல் ஏசிவிடுவேன். குச்சவெளிக்குப் போன அன்றும் அப்படித்தான்.

குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த ஒரு புருஷனும் மனைவியும் பழைய வான் வண்டியொன்றில் ஊரூராகத் துணி விற்றுத் திரிந்தார்கள். சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்தான். அவரை நானா என்றும் மனைவியை ராத்தா என்றும்தான் கூப்பிடுவேன். ராத்தாவுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் வைக்க வானுக்குள் ஒரு சின்ன பிரிட்ஜ் ஓட வேண்டும் என்று நானா கேட்டதால் கூரையில் இரண்டு தகடு பூட்டிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அழைத்தார். பிரிட்ஜ் நின்று மருந்து சூடாகிவிட்டது, அது தெரியாமல் ஊசி போட்டு ராத்தா தலைசுற்றி விழுந்துவிட்டா என்றார். ஆஸ்பத்திரியில் புது மருந்து கொடுத்திருந்தார்கள். அதையும் குளிரில் வைக்க ஏலாவிட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க வேண்டியதுதான். வான் நின்ற குச்சவெளிக்கு, பாலையூற்றிலிருந்து பஸ் பிடித்துப் போனேன்.

கூரையில் ஏறிப் பார்த்தால் தகடு முழுக்கத் தேங்காய் எண்ணெய்! அதன்மேல் றோட்டுத் தூசியெல்லாம் அப்பிக் கிடந்தது. நானா முன்பு கடலுக்குப் போனவர். உப்புக்காற்றில் நிற்கிற எந்தச் சாமானுக்கும் எண்ணெய் பூசித்தான் அவருக்குப் பழக்கம்.

"என்ன நானா, இதில அப்பளம் பொரிக்கப் போறீங்களா?" தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"துருப் பிடிச்சிரும் எண்டுதான் பூசினன் தம்பி."

"அவர ஏசாதீங்க, நான்தான் பூசச் சொன்னனான்" என்றா கீழே நின்ற ராத்தா. நானா வாளியில் சவர்க்காரத் தண்ணீர் கொண்டுவந்து, கூரையில் ஏறி, முழங்காலில் நின்று தேய்க்கத் தொடங்கினார். அறுபது வயது மனிதர்.

கழுவிய தகட்டில் மீட்டரை வைத்தேன். மின்சாரம் நன்றாகத்தான் வந்தது. பற்றரிக்குப் போய்ச் சேரவில்லை. வயரைத் தடவிக்கொண்டே போனேன். பூட்டிய அன்று வயரை இணைக்கிற கொழுவி ஒன்று குறைந்ததால், பிறகு மாற்றலாம் என்று வயரை வெறுமனே முறுக்கி, ஒட்டுகிற ரேப் சுற்றியிருந்தேன். அதை அப்படியே மறந்தும் போனேன். ரேப்பைப் பிரித்தால் செம்புக் கம்பி பச்சை பிடித்து உதிர்ந்தது. எண்ணெயால் மின்சாரம் கொஞ்சம் குறைந்திருக்கலாம். பிரிட்ஜை நிறுத்தியது என் கை வேலை.

புதுக் கொழுவி போட்டதும் பிரிட்ஜ் உறுமியது. "எண்ணெய் போனதும் ஓடுது, பாத்தீங்களா!" என்றா ராத்தா.

அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. இன்னமும் மற்றத் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த நானாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நானா, பிழை உங்களில இல்ல. நான் கொழுவின வயர்தான் பழுதாப் போயிருக்கு."

ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ஈரக்கையால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப நான் இல்லையா தம்பி?" என்றார். "நான் பூசின எண்ணெயாலதான் எண்டு, மூணு நாளா இவட முகத்தப் பாக்க ஏலாமத் திரிஞ்சனான்."

பிறகு கூரை விளிம்புக்கு வந்து, குனிந்து, ராத்தாவைப் பார்த்தார்.