தோடஞ்சாறும் நாற்பதாவது மாற்றமும்

பதுளை ஆய்வுகூடத்தில் யசோதினி மூன்று வருடமாக ஒரு நொதியத்தோடு, அதாவது என்சைமோடு, மாரடித்துக்கொண்டிருந்தாள். தோடம்பழம் என்கிற ஆரஞ்சைப் பறித்த கையோடு தின்றால் தேன். பிழிந்து இரண்டு மணி நேரம் வைத்தாலோ வேப்பங்காய். அந்தக் கசப்பைத் தின்று தீர்க்கும் நொதியம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் புளிப்பைக் கண்டதும் வேலை செய்யாமல் படுத்துவிடும். அதன் அமைப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மாற்றி, புளிப்பிலும் பாடுபட வைக்க வேண்டும். முப்பத்தொன்பது மாற்றங்கள் மண்ணைக் கவ்வியிருந்தன.

ஊருக்காகவா இத்தனை பாடு? பொய் சொல்வானேன், அம்மாவுக்காகத்தான். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில், தோடங்கன்றை நட்டுவிட்டு அம்மா இராக்கம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய்ப் பதினான்கு வருடம். நடுவில் வந்தது ஒரே தடவை. அப்போது மரம் காய்க்கவில்லை. "நம்ம மரத்துச் சாறு ஒரு வாய் குடிக்கணும் புள்ள" என்பாள் போனில். ஒருமுறை அனுப்பிய பழங்களை விமான நிலையத்திலேயே எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

யசோதினி லயத்து மரத்துப் பழத்தைப் பிழிந்து, நாற்பதாவது முறை மாற்றிய நொதியத்தைச் சேர்த்து, ஒருநாள் வைத்துக் குடித்தாள். கசப்பே இல்லை. பக்கத்து வீட்டு றீட்டாக்கா மறுநாள் காலை குவைத்து போகிறாள். அவசரத்தில் கருவியில் அளந்துகூடப் பார்க்காமல், ஒரு போத்தலை இறுக மூடி அவள் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

மறுநாள் கூட வேலைபார்க்கும் ஹஸீப் மீதிச் சாற்றில் ஒரு மிடறு குடித்தான். குடித்தவன் குழாயடிக்கு ஓடினான்.

"இதையா நல்லம் எண்டு சொன்னீங்க? லயத்துல சீனியில்லாம தூள் தேத்தண்ணி குடிச்ச நாக்கு ஒங்கட. கசப்பு எங்க வெளங்கும்?"

அளந்து பார்த்தாள். கசப்பு அப்படியே இருந்தது. பாழாய்ப்போன நாக்கு. பதினான்கு வருடம் ஏங்கிய வாய்க்கு இதையா அனுப்பினோம்?

மூன்றாம் நாள் அம்மா பேசினாள்.

"குடிச்சியாம்மா?"

"சொட்டு விடல."

"கசந்துச்சா?"

"இல்லியே. இந்த வீட்டு மேடம் ஒரு வாய் வச்சுட்டுத் துப்பிட்டாங்க. எனக்கு ஒன்னும் தெரியல. ஏன் புள்ள?"

யசோதினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பதினான்கு வருடம் அந்நிய அடுப்படியில் கிடந்தும் அம்மாவின் நாக்கு லயத்து நாக்காகவே இருந்தது.

"வந்துரும்மா. மரத்தடியில நின்னு குடிப்போம்."

"அடுத்த வருசம் பாப்போம்" என்றாள் இராக்கம்மா. போன வருடமும் அதைத்தான் சொன்னாள்.