ஹலோ, எலிஜி

அறுபதுகளின் நடுவில் ஒரு படத்திறப்பு விழாவில் என் கடையே கையை விட்டுப் போயிருக்கும். ஆம்ப்ளிஃபையரில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு ஓர் இங்கிலீஷ் வார்த்தையில்.

திண்டுக்கல் நாகல் நகரில் மைக்செட் கடை வைத்திருந்தேன். விழாக்களுக்குச் செட்டும் கட்டுவேன், நிகழ்ச்சியையும் நானே அறிவிப்பேன். படிப்பு எட்டாவதோடு சரி. பிஸ்மில்லாஹ் சொல்லாமல் ஒரு சுவிட்சையும் தொட்டதில்லை.

கடை இருந்த கட்டடம் ஒரு ரைஸ்மில் முதலாளியுடையது. நல்ல மனிதர். ஒல்லி உடம்பு, கூர்மூக்கு, அரிசி மூட்டைகளுக்கு நடுவே விறுவிறுவென்று ஓடுவார். கடைவீதி அவருக்கு எலி என்று பேர் வைத்துவிட்டது. அவர் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். பின்னால் சொல்லாத ஆள் கிடையாது. மூத்த மகன் காதில் விழுந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார்.

அந்த முதலாளி காலமானார். மில் முற்றத்தில் படத்திறப்பு. இங்கிலீஷில் இரங்கற்பா எழுதி வாசிக்க, மூத்த மகன் மதுரையிலிருந்து ஒரு புரபசரை அழைத்து வந்திருந்தார். நிகழ்ச்சிச் சீட்டில் புரபசர் பேருக்கு எதிரே ஓர் இங்கிலீஷ் வார்த்தை. எழுத்துக்கூட்டினேன். எலெகி என்று வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அவரையே கேட்டேன்.

"எலிஜி," என்றார்.

மூத்த மகன் பக்கத்தில் இருக்கிறாரா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். "சார், நெசமாவா?"

"இதுல என்ன நெசமாவா? இ, எல், இ, ஜி, ஒய். எலிஜி. செத்தவங்களுக்காகப் பாடுறது. தப்பாச் சொன்னீங்க, நான் மேடை ஏற மாட்டேன்."

மூத்த மகனிடம் ஓடி, காதோடு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"பாய், அந்த வார்த்தை மட்டும் ஸ்பீக்கர்ல வந்துச்சு, நாளைக்கே கடையக் காலி பண்ணிட்டுப் போயிருங்க."

வீட்டில் நாலு பிள்ளைகள். அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. யா அல்லாஹ், இந்த ஒரு வார்த்தையிலிருந்து காப்பாற்று என்று துஆ கேட்டுக்கொண்டே மைக்கைப் பிடித்தேன். "அடுத்து, புரபசர் அவர்கள் இரங்கற்பா வாசிப்பார்கள்."

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். புரபசர் மேடை ஏறி என்னை முறைத்தார். "இரங்கற்பான்னு மொட்டையாச் சொன்னாப் பத்தாது. இங்கிலீஷ்ல இதுக்குப் பேரு..." என்று அவர் தொடங்க, நான் வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டேன்.

அதுதான் வினையாகப் போயிற்று. சத்தம் வரவில்லை என்று அவர் மைக்கைத் தட்டினார். மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் மைக்கைச் சோதிப்பார்கள். இவர் தொண்டை கிழிய, "ஹலோ, எலிஜி! எலிஜி! ஹலோ!" என்று கத்தினார்.

மைக் இல்லாமலே முற்றம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையிலிருந்து மூட்டை தூக்கும் ஒருவர் நிதானமாகச் சொன்னார்:

"எம்புட்டுக் கூப்பிட்டாலும் அவரு இனி எங்கிட்டுப்பா வாராரு?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. படத்தைத் திறக்க வந்த பெரிய மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மூத்த மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். நான் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய தாயார் குரல் கொடுத்தார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"ஏலே, பாய்கிட்ட எதுக்குடா பாயுற? உங்கப்பா உசுரோட இருந்தவரைக்கும் ஊரே வெறும் எலின்னுச்சு. இந்தப் புரபசரு புண்ணியவான் ஒருத்தர்தேன் மருவாதையா ஜி போட்டுக் கூப்பிடுறாரு. வாசிக்கச் சொல்லு!"

மகனும் சிரித்துவிட்டார். என் துஆவை அல்லாஹ் அந்த அம்மா வாய் வழியாகக் கபூல் செய்தான். வால்யூமை ஏற்றினேன். புரபசர் வாசித்த இங்கிலீஷில் எங்களுக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை வந்த இடமெல்லாம் மூட்டைக்காரர்கள் கை தட்டினார்கள். அதை அவர் தன் கவிதைக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

மைக் பிடிக்க வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வது என்று படித்தவரிடம் கேளுங்கள். ஊர் காதில் அது எப்படி விழும் என்று ஊர்க்காரரிடம் கேளுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஆண்டவனிடம் விட்டுவிடுங்கள். வால்யூமை மட்டும் குறைக்காதீர்கள். குறைத்தால் கத்துவார்கள்.