தப்பான வழியில் வந்த சரியான விடை

என் அண்ணன் மனைவி, நான் மைனி என்று கூப்பிடுபவர், பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றுப் படிப்பை விட்டவர். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, தனித்தேர்வராக அதை மறுபடி எழுதப் போவதாகச் சொன்னார். தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கும் நான், ஞாயிறு பூசை முடிந்ததும் புன்னைக்காயலில் அவர் வீட்டில் கணக்குப் புத்தகத்தோடு உட்காருவேன்.

அன்று பின்னங்கள். 9/15இலிருந்து 4/10ஐக் கழிக்க வேண்டும். மைனி மேலே உள்ள எண்களைக் கழித்தார். கீழே உள்ளவற்றைக் கூட்டினார். 5/25. சுருக்கி 1/5 என்று எழுதினார்.

"அப்படிப் போடக் கூடாது மைனி. ரெண்டுக்கும் கீழ ஒரே எண்ணைக் கொண்டு வரணும்."

அவர் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார்.

"ஏளா, இங்கன பாரு. விடை சரியாத்தான இருக்கு? பொறவு எதுக்குத் தப்புன்னு சொல்லுத?"

முறைப்படி போட்டேன். 18/30, 12/30, மிச்சம் 6/30. அதுவும் 1/5தான்.

"சரி, உங்க வழியில 1/2ல இருந்து 1/3 கழிங்க."

மேலே பூஜ்யம், கீழே ஐந்து. மைனி சிரித்துவிட்டார். "அரையும் மூணுல ஒண்ணும் ஒண்ணாயிருமே! அப்ப இது தப்பு வழிதான். ஆனா அது மட்டும் எப்படிளா சரியா வந்துச்சு?"

அதைத் தெரிந்துகொள்ளாமல் எங்களால் எழுந்திருக்க முடியவில்லை. அண்ணன் தானே சோறு போட்டுச் சாப்பிட்டான். எண்களை உடைத்துப் பார்த்தது மைனிதான். 15 என்பது 5×3, 9 என்பது 3×3. 10 என்பது 5×2, 4 என்பது 2×2. மூன்றை x என்றும் இரண்டை y என்றும் வைத்தோம். முறைப்படி போட்டால் x/5−y/5, அதாவது (x−y)/5. மைனி வழியில் (x²−y²)/5(x+y). மேலே இருப்பது (x+y)(x−y) என்று பிரிய, x+y அடிபட்டு, மிஞ்சியது அதே (x−y)/5!

மைனி உடனே 7, 4 என்று போட்டுப் பார்த்தார். 49/35−16/20. இரண்டு வழியிலும் 3/5.

தேர்வில் கீழே ஒரே எண்ணைக் கொண்டு வந்துதான் போட்டார், பாஸானார். போன வாரம் போனில் கூப்பிட்டார். "கூட்டலுக்கு என் வழி வரவே வராதுளா. மேலயும் கீழயும் கூட்டினா விடை ரெண்டு பின்னத்துக்கும் நடுவுலயே நிக்குது. கூட்டினா பெருசாகணும்லா?"

அன்று வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது நானும் போட்டுப் பார்த்தேன். நடுவில்தான் நின்றது.