எங்கள் டீவியில் மிஞ்சிய கேசட்

புத்தளத்தில் நான் கமராக்காரனாக இருந்த உள்ளூர் டீவிக்கு இப்போது நான் வரலாறு எழுதித் தர வேண்டுமாம். வரலாறாம்! எதை வைத்து எழுதுவது? புதுக் கேசட் வாங்க வக்கில்லாமல் பழையதன் மேலேயே பதிந்துகொண்டிருந்தோம். லேபிளைக்கூட மாற்றியதில்லை.

நிலையத்தை மூடிய வாரத்தில் ஒரு பெண் தேடி வந்தார். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து குடியேறிய குடும்பம். அங்கே விட்டுவந்த வீட்டைப் பற்றி அவருடைய வாப்பா பேசியதை, அகதி முகாமில் வைத்து நான்தான் பதிந்திருந்தேன்.

“வாப்பா மவுத்தாகிட்டாரு நானா. வீட்டுல ஒரு போட்டோகூட இல்ல. அவர்ட முகத்த ஒருக்காப் பாக்கணும்.”

லேபிளில் வாப்பாவின் பெயர் அப்படியே இருந்தது. போட்டுப் பார்த்தால், உப்பளத்து ஆட்கள் விளையாடிய கிரிக்கெட் மேட்ச். அதை மேலே பதிந்தவனும் நானேதான். மேட்ச் முடிந்த பிறகு பழையது கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் என்று கடைசிவரை ஓட்டினேன்.

மிஞ்சித்தான் இருந்தது. முகாமின் ஓலைச் சுவர், அதற்கு முன்னால் அவர் உட்கார்ந்து பேசிய கதிரை, வெறுமையாக. தூரத்தில் அசர் பாங்கு கேட்டது. பேச்சை நிறுத்திவிட்டு அவர் தொழப் போயிருந்தார். நான் சோம்பலில் கமராவை நிறுத்தாமல் விட்டிருந்தேன்.

அந்தப் பெண் திரைக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தார்.

“தொழுதுட்டு வந்துருவாரு, என்ன நானா?”

“ஓம்” என்றேன்.

நாடா முடிய இன்னும் நாலைந்து சுற்றுத்தான் இருந்தது.