பதிவுக் கட்டணம்

மருத்துவமனையில் அவளை எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். கண் சிகிச்சைப் பிரிவின் வாசலில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் எண்களைக் கூப்பிடுவது அவள் வேலை. "எழுபத்திரண்டு, மூணாவது ரூம்" என்று அவள் சொன்னால் தூங்கி வழிகிறவர்கூட எழுந்து நடப்பார். அந்தக் குரலில் கோபமும் இருக்காது, குழைவும் இருக்காது. கண்காணிப்பாளர் திட்டும்போது அதே குரலில் "சரிங்க சார்" என்பாள். திட்டியவருக்குத்தான் மனசு குறுகுறுக்கும்.

காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் அதே குரலுக்கு இன்னொரு வேலை காத்திருக்கும். பார்வையற்றோருக்கான ஒலி நூலகம் ஒன்றுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவாள். சம்பளம் கிடையாது. துணி அலமாரியின் கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு முக்காலி போட்டிருந்தாள். வெளிச் சத்தம் வராமல் இருக்க முன்னால் கனத்த போர்வை ஒன்றைத் தொங்கவிடுவாள். மேல் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து உள்ளே போய் உட்கார்ந்தால், வெளியே வரும்போது குளித்த மாதிரி நனைந்திருப்பாள். நாவல் வாசித்திருக்கிறாள், வரிச் சட்டம் வாசித்திருக்கிறாள், கோழி வளர்ப்பும் வாசித்திருக்கிறாள்.

நூலகம் அவளுக்குச் சொன்னது ஒரே ஒரு விதி. அட்டை முதல் அட்டை வரை வாசிக்க வேண்டும். அடிக்குறிப்பைக்கூட விடக் கூடாது. வாசிப்பவரின் கருத்து குரலில்கூடத் தெரியக் கூடாது. இந்த விதியை எழுதியவர் நூலகத்தின் செயலாளர். அவர் எழுதியதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

இத்தனை வருடங்களில் தன் குரலைக் கேட்பவர்களில் ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, வேறு ஊரில், வாசிப்பவர்களும் கேட்பவர்களும் கூடும் தன்னார்வலர் மாநாடு நடக்கும். ஒரே ஒரு தடவை அங்கே போக வேண்டும். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சாதாரணமாக ஏதாவது சொல்ல வேண்டும். அதைக் கேட்டு யாராவது திரும்பி, "இது அந்தக் கோழி வளர்ப்புக் குரலாச்சே" என்று சொல்ல வேண்டும். அவளுடைய ஆசை இவ்வளவுதான்.

அந்த ஆசைக்கு ஒரு விலை வைத்திருந்தார்கள். மாநாட்டில் நுழையப் பதிவுக் கட்டணம். அது அவள் மாதச் சம்பளத்தில் பாதி.

பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன் அதைக் கேட்டுச் சாப்பிடுவதை நிறுத்தினான். "இரு இரு. நீ இத்தனை வருஷமா பதிவு பண்ணிக் குடுத்ததுக்கு அவங்க ஒரு பைசா தரல. இப்ப உன்னைப் பதிவு பண்றதுக்கு நீ காசு குடுக்கணுமா?"

"அந்தப் பதிவு வேறங்க. இந்தப் பதிவு வேற."

"ஆமா. உன் பதிவு சும்மா, அவங்க பதிவுக்கு மட்டும் கட்டணம். நல்லா இருக்கு உங்க சங்கம்."

"முடியாதவங்களுக்கு உதவி நிதி இருக்காம். பயணச் செலவும் அதுலயே தருவாங்களாம்."

"அப்ப விடாத, வாங்கு. நான் பெட்டிக்குச் சக்கரம் மாத்தி வைக்கிறேன்."

மறுநாளே அவள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். அன்று மாலை வங்கிக்காரர் போன் செய்தார். வங்கி ஒன்றின் தொலைபேசிச் சேவையில் வேலை பார்க்கும் இளைஞர் அவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். புத்தகத்தில் ஒரு பக்கம் குறைந்தாலும் கண்டுபிடித்து நூலகத்துக்குப் புகார் எழுதுவார். அப்படித்தான் இருவருக்கும் போனில் பழக்கம்.

"அக்கா, உதவி நிதி படிவம் வந்திருக்கே, பார்த்தீங்களா? நானும் கேட்கலாம்னு இருக்கேன். ஆனா என் போன் அதை வாசிக்க மாட்டேங்குது. படம், படம்னு மட்டும் சொல்லுது."

அவள் திறந்து பார்த்தாள். படிவத்தை அச்சடித்து, மேசையில் வைத்து, போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ தெரிந்தது. பார்வையற்றோர் நூலகம் பார்வையற்றோருக்கு அனுப்பிய படிவம் அது. அந்தக் கட்டைவிரலுக்குச் சொந்தக்காரர் இதற்காகப் பாராட்டுக்கூட வாங்கியிருப்பார்.

"நான் வாசிச்சு அனுப்பறேன் தம்பி. உங்களை மாதிரி இன்னும் நிறையப் பேர் இருப்பாங்க. நூலகத்தோட வாட்ஸ்அப் குழுவுலயே போட்டுடறேன்."

அலமாரிக்குள் போனாள். விதிப்படி தலைப்பிலிருந்து தொடங்கினாள். டோக்கன் கூப்பிடும் அதே குரல்.

"விண்ணப்பதாரர் தமது வறுமையை இருநூறு சொற்களுக்கு மிகாமல் விளக்கவும். வறுமை உண்மையானது என இரண்டு பேரிடம் சான்று பெறவும். பயணச் சீட்டைச் சொந்தப் பணத்தில் வாங்கவும். மாநாடு முடிந்தபின், நிதி மீதமிருந்தால் தொகை திருப்பித் தரப்படும். உதவி பெறுவோர் ஒரு நாள் முன்னதாக வந்து நாற்காலிகளை வரிசைப்படுத்தவும். உதவி பெற்றவர் என்ற அட்டையைக் கழுத்தில் அணிந்து புகைப்படத்துக்கு ஒத்துழைக்கவும்."

அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் ஒன்று இருந்தது. அதையும் வாசித்தாள். "அடிக்குறிப்பு. செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள், அவர்தம் துணைவர்கள் ஆகியோரின் பயணம், தங்குமிடம், உணவு ஆகியவை, இந்நிதியிலிருந்தே, முதலில் கழிக்கப்படும். படத்தின் இடது ஓரத்தில் ஒரு கட்டைவிரல் உள்ளது. படிவம் முற்றும்."

நூலகம் தொடங்கிய நாளிலிருந்து எந்தப் பதிவும் இப்படிப் பரவியதில்லை. வறுமையை இருநூறு சொல்லுக்குள் அடக்குவது எப்படி என்று குழுவில் இருந்தவர்கள் போட்டியே வைத்தார்கள். "என் வறுமை இருநூற்றைம்பது சொல் வருகிறது, எதை வெட்டலாம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

செயலாளர் போன் செய்தார்.

"நீங்க செஞ்சது நல்லா இல்லம்மா."

"எந்த இடத்துல தப்பா வாசிச்சேன் சார்?"

"தப்பா வாசிக்கல. ஆனா அந்த அடிக்குறிப்பை ரொம்ப நிறுத்தி நிறுத்தி வாசிச்சிருக்கீங்க."

"அங்க கமா இருந்துச்சு சார்."

சட்டென்று அவர் குரல் தேனாக மாறியது. "நீங்க எவ்வளவு பெரிய சேவை செய்யறீங்க. நீங்க மாநாட்டுக்கு வராம இருக்கலாமா? அந்தப் பதிவை மட்டும் எடுத்துடுங்க. கட்டணம் வேணாம். டிக்கெட்டும் நாங்களே முன்னாடியே போட்டுத் தர்றோம்."

"அந்த வங்கிக்காரத் தம்பிக்கும் போடுவீங்களா?"

"அவர் பயனாளிம்மா. பயனாளிங்க கட்டித்தான் வரணும்."

அவள் உடனே மறுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார். நீங்க சொன்னதை எழுத்துல அனுப்புங்க" என்று வைத்துவிட்டாள். யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, பெட்டியைத்தான் எடுத்தாள். புதுச் சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. இரண்டு புடவைகளை வைத்தாள். ரயிலில் குளிரும் என்று அலமாரிப் போர்வையையும் மடித்து வைத்தாள். ஒரு பதிவுதானே, எடுத்துவிட்டால் என்ன குடிமுழுகிவிடும், கேட்டவர்கள் கேட்டு முடித்துவிட்டார்களே என்று தோன்றியது. அந்தச் சாப்பாட்டு வரிசை அவள் கண்முன்னால் நின்றது.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது கடிதம் வந்திருந்தது. அதைத் திறப்பதற்குள் வங்கிக்காரர் கூப்பிட்டார்.

"அக்கா, வாழ்த்துக்கள். உங்களுக்கு டிக்கெட் போடறாங்களாமே, செயலாளர் போன்ல சொன்னார். போயிட்டு வாங்க. நீங்களாவது போங்க. எனக்கும் அந்தக் கடிதத்தோட நகல் அனுப்பியிருக்கார், நான் பார்த்துட்டுப் புகார் எழுதறதை நிறுத்தணுமாம்." கொஞ்சம் சிரித்தார். "பார்க்கத்தான் ஆசை. மறுபடியும் படம்னு சொல்லுது அக்கா. அப்படி என்னதான் படம் அது?"

அவள் கடிதத்தைத் திறந்தாள். மேசை மேல் வைத்துப் பிடித்த படம். அதே கட்டைவிரல். பதிவை நீக்க வேண்டும் என்று ஒரு வரி. நிதியின் பெருமையைப் பற்றி மேடையில் நன்றியுரை வாசிக்க வேண்டும் என்று ஒரு வரி. பயனாளிகள் குறைகூறும் பழக்கத்தை விட வேண்டும் என்று கடைசி வரி. இவ்வளவு பட்டும் திருந்தாமல், படிக்க முடியாத ஒருவருக்குப் படம் அனுப்பி வாயை மூடச் சொல்கிற ஆட்களோடு ஒரே மேடையில் நிற்பதை அவள் நினைத்துப் பார்த்தாள்.

"பொறுங்க தம்பி, வாசிச்சு அனுப்பறேன்."

"எனக்கு மட்டும் போதும் அக்கா. குழுவுல போட்டா உங்க டிக்கெட் போயிடும்."

"போகட்டும்."

பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த போர்வையை உருவினாள். வாசலில் நின்ற கணவன் பெட்டியையும் அவளையும் பார்த்தான். மேல் வீட்டு மோட்டாரை நிறுத்தச் சொல்லப் படியேறினான். அவள் போர்வையைப் பழைய இடத்தில் தொங்கவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தலைப்பிலிருந்து தொடங்கினாள். கட்டைவிரலையும் விடவில்லை.