இடது நெஞ்சில் வலி, இடது கையில் வாளி

“டீச்சர், வலிக்கிற எடத்துலதான் கோளாறும் இருக்குமா?”

எட்டாம் வகுப்பில் அறிவியல் நடத்திய காலத்தில் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது.

பள்ளிக்கூட பெல்லைத்தான் அன்று உதாரணம் சொன்னேன். பெல் அடிப்பது வராண்டாவில், ஸ்விட்ச் இருப்பது ஆபீஸுக்குள்ளே. பெல்லைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஸ்விட்சில் விரல் வைத்தவர் யாரென்று தெரியாது.

அந்த உதாரணம் இந்த வயதில் என் நெஞ்சுக்கே வரும் என்று நினைக்கவில்லை!

பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறவர்களுக்கு எங்கள் தெருக்காரர்கள் அடி அண்ணாமலையில் சாம்பார் சாதம் கொடுப்போம். இடது கையால் வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வலது கையால் தொன்னையில் பரிமாறுவது என் வேலை. எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்கள் நடக்கிற தரையில் அன்னத்தை வைக்க மாட்டோம். வாளி காலியாகும்வரை கையில்தான். காலியானால் அடுத்த வாளி!

போன மாதம் பௌர்ணமிக்கு மறுநாள் காலை, அலமாரியில் காபித்தூள் டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினேன். இடது நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. மூச்சை இழுத்தால் இன்னும் ஜாஸ்தி.

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

“கேஸ்தான் டீச்சர். ஒரு சோடா குடி, சரியாப்பூடும்.”

(கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கும் டீச்சர்தான்.)

எனக்கு அந்த வார்த்தைதான் பயம். கீழ்பென்னாத்தூரில் இருந்த என் தம்பியும் ஒருநாள் “கேஸுதான்க்கா” என்று போனில் சிரித்தான். சோடா குடித்துவிட்டு வேர்க்கடலைக் கொல்லைக்குப் போனான். திரும்பி வரவில்லை.

அப்படியானால் நேராக ஆஸ்பத்திரிக்குத்தானே போயிருக்க வேண்டும்? போகவில்லை. இதயம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்த பயத்தில், இது வாளி தூக்கிய சுளுக்கு என்று நானே முடிவு கட்டினேன். செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, ஒரு கைரோபிராக்டிக் கிளினிக் இருக்கிறது. முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையாலேயே அசைத்துச் சரிசெய்யும் சிகிச்சை. அங்கே போனோம்.

சிகிச்சை தருகிறவர் ஒரு சென்னைப் பெண், வெளிநாட்டில் படித்தவர்.

“எங்கம்மா வலிக்குது?”

“இடது பக்கம், இங்க.”

நீட்டிய கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“ஈசிஜி எடுத்தீங்களா?”

“இல்லம்மா. இது சுளுக்குதான், எனக்கே தெரியுது.”

“உங்களுக்கே தெரிஞ்சா எங்கிட்ட எதுக்கு வந்தீங்க? ஹார்ட் இல்லன்னு மொதல்ல ஒரு டாக்டர் சொல்லட்டும், அப்புறம் நான் தொடறேன். இப்பவே போங்க. வீட்டுக்குப் போயிட்டுப் போறேன்ற பேச்சே வேணாம்!”

அங்கிருந்தே ஆட்டோ பிடித்தோம். என் கைப்பையை என் வீட்டுக்காரர் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். சில மணி நேரம் படுக்க வைத்து, மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு தம்பியை நினைத்துக் கிடந்தேன்.

டாக்டர் ரிப்போர்ட்டோடு வந்து, நெஞ்செலும்பின் ஓரத்தில் ஒரு விரலால் அமுக்கினார்.

“ஆ! அதேதான் சார்!”

“விலா எலும்பு வந்து சேர்ற எடம்மா இது. ஹார்ட் நல்லா இருக்கு. ஆனா அமுக்கினா வலிக்குது, அதனால ஹார்ட் இல்லன்னு வீட்டுலயே முடிவு பண்ணிடாதீங்க. எல்லா டெஸ்ட்டும் பாத்துட்டுதான் நான் சொல்றேன்.”

என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“அப்ப கேஸ் இல்லீங்களா சார்?”

(விட மாட்டார்!)

மறுநாள் ரிப்போர்ட்டோடு செங்கம் ரோடு. அந்தப் பெண் எல்லாவற்றையும் படித்தார். எலும்புத் தேய்மானம் உண்டா என்று கேட்டார். பிறகு முதுகைத் தடவிப் பார்த்து, தோள்பட்டைக்குக் கீழே ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இங்கதான் இறுகிக் கெடக்கு. இதே விலா எலும்புதான் சுத்தி முன்னாடி வருது.”

ஸ்விட்ச்!

படார் என்று சொடுக்கு எடுப்பார் என்று பார்த்தால், மெதுவாக அழுத்தி அசைத்ததோடு சரி. வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருந்த என் வீட்டுக்காரருக்குப் பெரிய ஏமாற்றம்.

“சத்தமே வரலியேம்மா?”

“இந்த வயசுல சத்தம் வர வேணாம் சார், வலி போனா போதும்.”

அடுத்தடுத்த வாரங்களில் வலி கம்மியாகி, நின்றது. அவர் கையால் சரியானதா, டாக்டர் தந்த மாத்திரையாலா, ஓய்வாலா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. தானாகவே சரியாவதும் உண்டு என்று அந்தப் பெண்ணே சொன்னார். ஆனால் என் வாளிக் கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரு கேள்வி மட்டும் நிச்சயம் உதவியது.

“வாளியக் கீழயே வைக்க மாட்டீங்களா?”

“அன்னத்தத் தரையில வைக்கிறதில்லம்மா.”

“தரையில வேணாம். ஒரு ஸ்டூல் மேல வைக்கலாமே?”

இத்தனை வருடத்தில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை!

இந்தப் பௌர்ணமிக்கு உயரமான ஸ்டூலைக் கழுவி, மஞ்சள் தடவிக் கொண்டுபோனேன். என்னோடு பரிமாறும் வள்ளியம்மாள் இடுப்பில் கை வைத்து அதைச் சுற்றிப் பார்த்தார்.

“ஏன் டீச்சர், இது ஒனக்குத் தோண நெஞ்சுவலி வரணுமா?”

சொல்லிவிட்டுத் தன் வாளியையும் அதன்மேல் வைத்தார். இப்போது இன்னொரு ஸ்டூல் வேண்டும்!

நெஞ்சு வலித்தால் சோடாவைத் தேடாமல் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள் என்று நம்புகிறேன். இப்போது வலி இல்லாதவர்களுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம். குடமோ, பையோ, பேரக்குழந்தையோ, எப்போதும் எந்தப் பக்கம் தூக்குகிறீர்கள் என்று இன்று ஒரு நாள் கவனித்து, நாளைக்குப் பக்கம் மாற்றித் தூக்கிப் பாருங்கள்.